நகரும் குடித்தனம்

மேனாடுகளில் வீட்டையே மோட்டார் வண்டியாக அமைத்துக்கொண்டு ஊர் ஊராய்ச் சஞ்சரிக்கும் குடும்பங்கள் பல உண்டு. படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் வண்டிக்குள்ளேயே அடக்கம். நம் அண்டை மாநிலமாகிய கேரளத்திலும் 2021-ஆம் ஆண்டில் இத்தகைய வண்டிகளுக்கென்றே அரசாங்கத்தார் ஒரு சுற்றுலாத் திட்டம் வகுத்தார்கள். ஆயினும் இவ்வண்டிகளில் பழகியவர்களைக் கேட்டால், பிரயாணத்தைவிடத் தங்குவதுதான் சிரமம் என்பார்கள். இன்றிரவு எங்கே நிறுத்துவது, தண்ணீர் யார் தருவார், குறுகிய பாதையில் எப்படித் திரும்புவது என்பவையே அவர்களுடைய அன்றாடக் கவலைகள்.

இக்கவலைகளை மோட்டார் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அறிந்த குடும்பங்கள் நம் நாட்டில் இருக்கின்றன. அவர்களைக் காண விரும்பும் நேயர்கள் விருதுநகர் மாவட்டத்து நரிக்குடிப் பக்கம் சென்றால் போதும். மானாமதுரைக்கும் அருப்புக்கோட்டைக்கும் இடையே ரயிலில் போகிறவர்கள் அவ்வூரைக் கடந்தே செல்லுகிறார்கள்.

அது வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் நிறைந்தால் நெல் விளையும். நிறையாவிட்டால் கவலைதான் விளையும். கோடை தொடங்கியதும் புல் கருகிவிடுகிறது. அப்போது இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களிலுள்ள ஆட்டுக்கிடைக்காரர்கள் பலர் குடும்பத்தோடு புறப்பட்டுத் தஞ்சை வயல்களை நாடுகிறார்கள். கிடையின் தலைவருக்குக் கீதாரி என்று பெயர். வழி 150 கிலோமீட்டருக்கு மேல். அங்கே சம்பா அறுவடையாகி வயல்கள் வெறுமையாய்க் கிடக்கும். மேட்டூர் அணையைத் திறப்பதற்கு ஜூன் 12 என்பது வழக்கமான நாள். ஆற்றில் நீர் வந்து உழவு தொடங்கிவிட்டால் கிடை வேறிடம் பார்க்க வேண்டியதுதான்.

பகலெல்லாம் மேய்ந்த ஆடுகளை இரவில் ஒரு வயலில் மறித்து வைப்பதே கிடை போடுவது. ஓரிரண்டு இரவுகளில் அந்த நிலம் உரமேறிவிடும். உடனே அடுத்த வயலுக்குப் பெயர வேண்டும். நிலத்துக்காரர் ஆட்டின் எண்ணிக்கையையும் இரவுகளையும் கணக்கிட்டுப் பணமாகவோ நெல்லாகவோ கொடுக்கிறார். ஆகவே இவர்களுடைய வீடு பெயர்ந்தால்தான் அடுப்பு எரியும்.

கிடை பெயர்வதை நாம் ஒரு நாள் நரிக்குடிக்கு அருகில் நின்று பார்த்தோம். போக வேண்டிய தூரம் இரண்டு பர்லாங்குக்கு மேல் இராது. வேலையோ பாதி நாளைத் தின்றுவிட்டது. முதலில் முளைகளைப் பிடுங்கி வலையைச் சுருட்டினார்கள். பிறகு ஆட்டுக்குட்டிகளை அடைத்து வைக்கும் கொடாப்புக்களைத் தூக்கினார்கள். முந்திய இரவில் பிறந்த குட்டிகளைத் தாய் ஆடு வாசனையறிந்து சேர்த்துக்கொள்ளும் வரையில் கூட்டத்தில் கலக்கவிடக்கூடாதாம். ஒரு பெண்மணி இரண்டு குட்டிகளை மார்போடு அணைத்துக்கொண்டு, தலையில் சோற்றுப் பானையையும் வைத்து நடந்தார். பாய், குடம், அரிசி மூட்டை, நாய் யாவும் பின்தொடர்ந்தன. தூரப் பிரயாணமானால் சாமான்களை இந்நாளில் சிறு லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். வரப்பு மேல் அந்த லாரி வருமா?

"எது மிகவும் கஷ்டம், பெரியவரே?" என்று கீதாரியிடம் கேட்டோம்.

"நடக்கிறது கஷ்டமில்லை, ஐயா. இடம் கேட்டால் தருவார்கள். ஆட்டுக்குத் தண்ணீர் என்றால்தான் யோசிப்பார்கள்" என்றார் அவர்.

சித்திரை வெயிலில் நூற்றுக்கணக்கான ஆடுகளுக்கு நீர் காட்டுவது சாமானியமா? தண்ணீர் கிடைத்தாலும் தொல்லை தீர்வதில்லை. ஓர் ஆடு பக்கத்துக் கொல்லையில் வாய் வைத்தால் வழக்கு. நாற்கரச் சாலையைக் குறுக்கே கடக்க வேண்டுமானால் லாரிகளுக்கு நடுவே உயிர்ப் போராட்டம். மழைக் காலத்தில் நீலநாக்கு நோய் வரும். தடுப்பூசி இருக்கிறது, ஆனால் கால்நடை மருந்தகம் ஓரிடத்திலும் கிடை வேறோரிடத்திலும் இருந்தால் என்ன செய்வது? குழந்தைகளைப் பாட்டியிடம் விட்டுவந்தால் படிப்பு நடக்கும். உடன் அழைத்துவந்தால் பள்ளிக்கூடம் பின்னாலேயே நின்றுவிடும்.

இவ்வளவு துன்பப்பட்டு இவர்கள் தேசத்துக்குத் தருவது என்ன? தொழு உரத்தில் தழைச்சத்து நூற்றுக்கு 0.5 பங்கு என்றும், ஆட்டெருவில் 3 பங்கு என்றும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் கணக்கிடுகிறார்கள். கிடை போடும்போது புழுக்கையோடு மூத்திரத்தின் சத்தும் வீணாகாமல் மண்ணிலே சேர்கிறது. "ஆட்டு எரு அவ்வருஷம், மாட்டு எரு மறுவருஷம்" என்பது குடியானவர் பழமொழி. சாம்பல் சத்துக்காக நாம் பொட்டாஷ் உரத்தைப் பெரும்பாலும் கப்பலில் தருவிக்கிறோம். அந்தச் சத்திலும் 2 பங்கு இந்த எருவில் உண்டு; கப்பல் வேண்டாம், மூட்டை வேண்டாம், தானே நடந்து வந்து வயலில் இறங்குகிறது! சுதேசி உரம் என்று இதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

ஆனால் கிடை இறங்கும் இடங்கள் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றன. மந்தைவெளிகள் மனைகளாகின்றன. கண்மாய்களைச் சீமைக் கருவேல் அடைத்துக்கொண்டது. அதன் நெற்றை ஆடு தின்னும் என்பது உண்மையே எனினும், அந்த முட்புதருக்குள் கிடை போட இடமேது? தங்க இடமில்லாத மோட்டார் வீட்டுக்காரர் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஊர் போய்ச் சேரலாம். தங்க இடமில்லாத கீதாரி ஆடுகளை விற்க வேண்டும். ஒரு முறை விற்ற கிடையை மறுபடி சேர்க்க ஆண்டுகள் பலவாகும். அதற்குள் மகன் பட்டணத்தில் கூலிக்குப் போயிருப்பான்.

உல்லாசப் பிரயாணிகளின் வண்டி நிற்பதற்கு மைதானம் வகுக்கும் காலம் இது. ஆடுகள் நடக்கும் வழியிலே, பஞ்சாயத்துக்கு ஓர் இடமாவது புறம்போக்கில் ஒதுக்கி, ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டிவைத்தால் என்ன? செலவு அதிகமாகாது. நேயர்களில் நிலமுடையவர்கள் அதுவரையில் காத்திருக்கவும் வேண்டாம். இக்கோடையில் உங்கள் வயலோரம் கீதாரி வந்து நின்றால், கூலியைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் கிணற்று மோட்டாரைப் போடச் சொல்லுங்கள்.