உப்பும் உப்புத்தாளும்

2024 செப்டம்பரில் போர்ட் பிளேரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றி அறிவிக்கப்பட்டது. கடற்காற்றின் உப்பு மாறவில்லை. இரு பருவமழைகளும் நனைக்கும் அவ்வூரில் மோட்டார் சைக்கிளின் எஃகு மட்கார்டு விரைவில் துருவேறும். அதை மறைக்க வீட்டிலேயே வினைல் தாள் ஒட்டுவோர் உண்டு.

வளைவுகளில் ஹேர் டிரையரால் சூடேற்றினால் தாள் இளகிப் படியும். முடிவில் ஓரங்களை மீண்டும் நன்கு சூடாக்காவிட்டால் சுருங்கி எழும். இக்குறை கண்ணுக்குத் தெரியும். தெரியாத குறையே கொடிது. துருவை நீக்காமல் ஒட்டினால் உப்பும் ஈரமும் உள்ளே தங்கி எஃகை அரிக்கும். ஓடும் வண்டியில் மட்கார்டு முறிந்து சக்கரத்தில் சிக்கும்போதுதான் அது வெளிப்படவும் கூடும்.

முதலில் துருவைத் தேய்த்தெடுத்து, பிரைமர் பூசி, உலரவிட வேண்டும். உப்பின் வேலையை அழிக்கும் அத்தாளுக்கும் தமிழில் உப்புத்தாள் என்றே பெயர்.