எல்லா மாத்திரையும் ஒரே மேசையில்

எச்.ஐ.வி.யோடு வாழும் எங்களைப் போன்ற பெண்களுக்கு மாத்திரையை விழுங்குவது பெரிய பாடில்லை. ஒளித்து வைப்பதுதான் பெரும்பாடு. ஏ.ஆர்.டி. என்கிற எச்.ஐ.வி. கூட்டு மருந்து டப்பாவை எடுத்தாலே கலகலவென்று சத்தம் போடும். உள்ளே பஞ்சைத் திணித்து, லேபிளைச் சுரண்டி, அரிசிப் பானைக்குப் பின்னால் வைப்பேன்.

1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர்தான் நாட்டிலேயே முதன்முதலாக எச்.ஐ.வி.யைக் கண்டறிந்தார்கள். அரசு இலவசமாகக் கூட்டு மருந்து தரத் தொடங்கியது 2004 ஏப்ரலில். அன்று காலையும் இரவும் மாத்திரை. இன்று டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் ஒரே மாத்திரையில், நாளுக்கு ஒன்று. அதன் புண்ணியத்தில் எங்களுக்கும் வயதாகிறது. வயதுக்குரிய நோய்களும் வந்து சேர்கின்றன.

எனக்குச் சர்க்கரை வந்தது. அதற்கான மாத்திரை அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் மூலம் சின்னாளபட்டியில் வீட்டுக்கே வரும். மூட்டுவலிக்குத் தனியார் டாக்டர் ஒருவர் கால்சியம் எழுதினார். நெஞ்செரிச்சலுக்கு மெடிக்கலில் ஜெல் வாங்கினேன். ஏ.ஆர்.டி. மையத்துக்குத் திண்டுக்கல் பஸ் ஏறுவேன். ஓரிடத்துச் சீட்டை இன்னோரிடத்தில் காட்டியதில்லை. சர்க்கரை மாத்திரை கொண்டுவரும் பெண் எங்கள் தெருக்காரி, எப்படிச் சொல்வது?

வீடு தூங்கிய பிறகு எல்லாவற்றையும் சேர்த்துத் தண்ணீரோடு விழுங்கிவிடுவேன். ஒருநாளும் தவறியதில்லை. ஆனாலும் வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸின் அளவு, ஏறியிருந்தது.

“மாத்திரைய விட்டுட்டீங்களாக்கா?” என்றார் மையத்தின் ஆலோசகர். இல்லையென்று சத்தியம் செய்தேன். “அப்ப வீட்ல இருக்கிற மாத்திரை அத்தனையும் அள்ளிட்டு வாங்க” என்றார்.

மஞ்சப்பையை மேசையில் கொட்டினேன். டாக்டர் ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தார். கால்சியம், இரும்புச்சத்து, நெஞ்செரிச்சல் ஜெல்லில் உள்ள அலுமினியம், மெக்னீசியம் எல்லாம் டோலுடெக்ராவிரை வயிற்றிலேயே பிடித்துக்கொள்ளுமாம். ரத்தத்தில் போதுமான அளவு சேரவிடாதாம். ஏ.ஆர்.டி. மாத்திரையை இவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ போட வேண்டும். கால்சியத்தையும் இரும்புச்சத்தையும் மட்டும் சாப்பாட்டோடு என்றால் ஏ.ஆர்.டி. மாத்திரையுடன் சேர்த்தே போடலாம்; வெறும் வயிற்றில் கூடாது. சர்க்கரைக்கான மெட்ஃபார்மினையோ டோலுடெக்ராவிர் உடம்பில் கூட்டிவிடும்; அதனால் நாளுக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வார்கள். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுத்தால், டோலுடெக்ராவிரை இன்னொரு வேளையும் தருவார்கள்.

நேரத்தை மாற்றிக்கொண்டேன். அடுத்த பரிசோதனையில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கியிருந்தது.

எச்.ஐ.வி. இருப்பதால் சிகிச்சை மறுக்கக் கூடாது, ரகசியத்தை வெளியிடக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 2018 செப்டம்பர் 10 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. சட்டம் இருந்தும் தெருவுக்குப் பயப்படுகிறோம். வெளி டாக்டரிடம் சொல்லத் துணிவு வரும்போது வரட்டும். ஏ.ஆர்.டி. மையத்தில் மறைக்க நமக்கு என்ன இருக்கிறது? அங்கே நம் கதை முன்பே தெரியும். ஆகவே தோழிகளே, அடுத்த முறை போகும்போது சத்து மாத்திரை, நாட்டு மருந்து உட்பட வீட்டில் இருக்கும் எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். சந்தேகம் இருந்தால் 1097-க்குக் கூப்பிடுங்கள், கட்டணம் கிடையாது.