கட்டுநாயக்காவிலிருந்து குவைத்துக்கு

மட்டக்களப்பிலிருந்து இரவு பஸ்ஸில் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வர எங்களுக்கு எட்டு மணித்தியாலம் எடுத்தது. அங்கிருந்து குவைத் ஏறக்குறைய 4,100 கிலோமீற்றர். நேரடி விமானத்தில் சுமார் ஐந்தரை மணித்தியாலம்.

"பஸ்ஸை விடக் கெதியாப் போயிருவன், மிஸ்" என்று சிரித்தார், வீட்டு வேலைக்குப் புறப்பட்ட அந்த அக்கா. ஆனால் திரும்பி வர இரண்டு வருட ஒப்பந்தம் முடிய வேண்டும்.

குவைத் நேரம் நமது நேரத்துக்கு இரண்டரை மணித்தியாலம் பிந்தியது. அங்கே இரவு எட்டு மணிக்கு வேலை முடித்துப் பேச எடுத்தால், இங்கே பத்தரை, பிள்ளை உறங்கிவிடும். அந்தக் கணக்கை அப்போதுதான் அவருக்குச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது.

சகோதரிகளே, குவைத்தின் 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டுப் பணியாளருக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு உண்டு. அதைக் கேட்டுப் பெறுங்கள். பிள்ளை விழித்திருக்கும் நேரத்தில் பேச அந்த நாள் உதவும்.