கிலோமீட்டருக்கு இத்தனை பைசா

புது லாரி வாங்கப் போனால், வண்டி விலையைச் சொல்லி முடித்த கையோடு டீலர்ஷிப்பில் இன்னொரு தாளை நீட்டுகிறார்கள். ஏ.எம்.சி., அதாவது ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம். கிலோமீட்டருக்கு இத்தனை பைசா என்று கணக்கு. ஓடின தூரத்துக்கு மாதாமாதம் கட்டிவிட்டால் ஆயில், ஃபில்டர், சர்வீஸ், இன்ஜின் வேலை எல்லாம் அவர்கள் பாடு. "கவலைய எங்ககிட்ட குடுத்துடுங்க சார், நீங்க லோடு மட்டும் பாருங்க" என்றார் எங்களுக்கு விளக்க வந்த தம்பி. "கவலையையும் குடுத்துட்டா வண்டி எப்படிப்பா நம்முளுது?" என்று அப்பா கேட்டார். தம்பி சிரித்துக்கொண்டே அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

வடக்குத்து, சென்னை–கும்பகோணம் சாலையில் நெய்வேலி டவுன்ஷிப்பை ஒட்டியிருக்கும் ஊர். எங்களிடம் இரண்டு வண்டிகள். அனல்மின் நிலையச் சாம்பலை ஏற்றித் தார்ப்பாய் போர்த்தி அரியலூர் சிமென்ட் ஆலைகளுக்குப் போகும். கணக்கு எழுதுவது நான். ஆகவே பராமரிப்பு எனக்கு முதலில் ஒரு நோட்டு: கிரீஸ், பிரேக் லைனிங், பட்டை மாற்றியது, பஞ்சர், எஃப்.சி. செலவு. எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி., அதைத் தாண்டினால் வருடா வருடம். அந்த மாதத்துப் பக்கம் மட்டும் எப்போதும் நிரம்பி வழியும்.

நோட்டில் ஏறாத பராமரிப்பு ஒன்றும் உண்டு. விடிகாலையில் டிரைவர் அண்ணன் வண்டியைச் சுற்றி வருவார். ஒவ்வொரு டயரையும் கட்டையால் தட்டுவார். காற்று இறங்கிய டயர் 'தொப்'பென்று வேறு சத்தம் கொடுக்கும். ஏர் டேங்கின் அடியில் வால்வைத் திறந்து தண்ணீரை வெளியே விடுவார். விடாவிட்டால் அந்த ஈரம் பிரேக் வால்வு வரைக்கும் போய் உட்காரும். டீசல் ஃபில்டரில் தேங்கிய தண்ணீர், வீல் நட்டு ஓரத்தில் துருக்கோடு, வண்டி நின்ற இடத்தில் ஆயில் சொட்டு என்று எல்லாவற்றையும் பார்ப்பார். பத்து நிமிஷம்தான். முன்பு இதில் பாதி, கிளீனர் பையனின் வேலை. இப்போது கிளீனர் வைக்க யாருக்கும் கட்டுப்படியாகவில்லை.

ஒப்பந்தத்தை இரண்டு ராத்திரி உட்கார்ந்து படித்தேன். ஆச்சரியம் என்னவென்றால், அந்தப் பத்து நிமிஷம் அதிலும் இருந்தது. "வாடிக்கையாளர் தினமும் செய்ய வேண்டியவை" என்று ஒரு பக்கம். அதைச் செய்யாததால் வரும் பழுதுக்குக் கம்பெனி பொறுப்பில்லை. டயர் கிடையாது. ரப்பர், கண்ணாடி, பாடி கிடையாது. கிளட்ச்சும் லைனிங்கும் வேண்டுமென்றால் அதற்குத் தனிக் கட்டணம். கவலையை அவர்களிடம் கொடுக்க முடியாது. பில்லை மட்டும்தான் கொடுக்க முடியும்.

இன்னொன்றும் இருக்கிறது. ஆயில் இத்தனை கிலோமீட்டருக்கு, ஃபில்டர் இத்தனை கிலோமீட்டருக்கு என்ற கணக்கெல்லாம் நல்ல ரோட்டில் ஓடும் வண்டிக்கானது. கடும் தூசியில் ஓடினால் இடைவெளியைக் குறைக்க வேண்டும் என்று அதே கையேடு சொல்கிறது. எங்கள் வண்டி ஏற்றுவதே தூசிதான். போன வருஷம் ஏர் ஃபில்டர் அடைத்து வண்டி இழுக்கவில்லை. அட்டவணைப்படி மாற்ற இன்னும் நாள் இருந்தது. ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டோம். "இது கணக்குல வராது" என்றார்கள், பிறகு வரும் என்றார்கள், பார்ட்ஸ் வர மூன்று நாள் என்றார்கள். பணம் கட்டச் சொல்லவில்லை, உண்மைதான். ஆனால் அந்த மூன்று நாள் வாடகையை யார் கொடுப்பது? டியூ மட்டும் தேதி தவறாமல் வந்தது.

இதனால் பேக்கேஜே மோசம் என்று சொல்லிவிட முடியாது. 2020 ஏப்ரல் 1 முதல் விற்பவை பி.எஸ்.6 வண்டிகள். புகையைச் சுத்தம் செய்ய தனியாக ஒரு தொட்டியில் டெஃப் ஊற்ற வேண்டும்: 32.5 சதவீதம் யூரியா, மீதி உப்பு நீக்கிய தண்ணீர். கலப்படம் ஊற்றினாலோ தொட்டி காலியானாலோ சென்சார் கண்டுபிடித்து இன்ஜினின் இழுவையைக் குறைத்துவிடும். இந்த வேலைக்கு லேப்டாப் வேண்டும், கம்பெனியின் சாஃப்ட்வேர் வேண்டும். நூறு வண்டி வைத்திருப்பவருக்கு மாதச் செலவு முன்கூட்டியே தெரிவது பெரிய நிம்மதி. இரண்டு வண்டிக்காரருக்கும் இன்ஜின் போனால் வீடு போகும் என்ற பயம் இருக்கிறதே.

அந்த லேப்டாப் இல்லாதவர் எங்கள் பட்டறை மாமா. பழைய வண்டி கேட்டுக்குள் திரும்பும்போதே, "பாப்பா, சென்டர் ஜாயின்ட்டு பேசுது, அப்பாகிட்ட சொல்லு" என்பார். புது வண்டி வந்தால் எழுந்துகூடப் பார்ப்பதில்லை. "அத தொட்டா வாரண்டி போயிடும்னு சொல்லிட்டாங்கல்ல" என்பார். அவருடைய கையைக் கட்டிப்போட்டது அவருக்கு வேலை தெரியாதது அல்ல.

இது வடக்குத்துக் கதை மட்டுமில்லை. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், உதிரிபாகங்களும் பழுதறியும் கருவிகளும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்ததாக 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்துச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீடுகள் தொடர்ந்தன. 2022இல் ஒன்றிய அரசு 'பழுதுபார்க்கும் உரிமை' பற்றி ஆராயக் குழு அமைத்தபோது, அதன் பட்டியலில் செல்போன், விவசாயக் கருவிகளோடு வாகனங்களும் இருந்தன. இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். "லேப்டாப்பு எப்ப தருவாங்களாம்?" என்று கேட்டார்.

நெய்வேலிக்காரர்களுக்குப் பராமரிப்பு என்றால் என்னவென்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சுரங்கத்தில் கரிக்குக் கீழே நிலத்தடி நீர் அழுத்தத்தோடு மேல்நோக்கி முட்டிக்கொண்டே இருக்கிறது. பம்புகள் இரவு பகலாக அதை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் கரி வெட்ட முடியும். நேற்று இறைத்தது இன்றைக்கு ஆகாது. லாரியும் அப்படித்தான். சர்வீஸ் என்பது ஒரு தேதி. பராமரிப்புக்குத் தேதி கிடையாது.

கடைசியில் புது வண்டிக்கு இன்ஜின், கியர்பாக்ஸ், புகைச் சமாச்சாரம் மட்டும் அடங்கிய சின்ன பேக்கேஜில் அப்பா கையெழுத்துப் போட்டார். டயரும் பட்டையும் கிரீஸும் மாமாவுக்கு. ஏர் ஃபில்டருக்கு அட்டவணையை நாங்களே எழுதிக்கொண்டோம், பாதி இடைவெளி. நோட்டில் புதிதாக ஒரு வரியும் சேர்த்திருக்கிறேன்: காலைப் பத்து நிமிஷத்துக்காக டிரைவர் அண்ணனுக்குத் தினம் 50 ரூபாய். "இதுக்குப் போயி எதுக்கு காசு" என்று முதல் நாள் கூச்சப்பட்டார். மறுநாளிலிருந்து, தட்டிப் பார்த்த டயரின் பெயரைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொல்கிறார்.