கேட்கத் தெரிய வேண்டும்

கடந்த மாதம் கொத்மலைக்குப் போயிருந்தேன். பாடசாலைக் காலத்து நண்பர் ஒருவர் அங்கே வசிக்கிறார். தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர். பொறியியல் பயிலும் அவருடைய பேரனும் விடுமுறையில் வந்திருந்தான். அவனது மடிக்கணினியில் ஒரு பந்தயக் காரின் உருவம். அதன்மீது சிவப்பும் நீலமுமாகக் கோடுகள்.

"காத்து காரைச் சுத்தி எப்படிப் போகுதுன்னு கணக்குப் பண்ணின படம், தாத்தா" என்றான்.

மாணவர்களே சிறிய பந்தயக் கார் ஒன்றை வடிவமைத்து, கட்டி, ஓட்டிக் காட்டும் போட்டி 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வேரூன்றியது. 1998இல் பிரித்தானியாவுக்கு வந்தது. நமது மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் 'டீம் ஷார்க்' மாணவர்கள் சில்வர்ஸ்டோன் வரை சென்றிருக்கிறார்கள். கோயம்புத்தூரிலும் 'ஃபார்முலா பாரத்' நடைபெறுகிறது. இவனது குழுவும் ஒரு கார் கட்டுகிறது. காற்றுக் கணக்கு இவன் பொறுப்பு.

காரைச் சுற்றியுள்ள வெளியை இலட்சக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் காற்றின் வேகத்தையும் அழுத்தத்தையும் கணினி கணிக்கிறது. 'ஓப்பன்ஃபோம்' என்னும் மென்பொருள் 2004 முதல் இலவசமாகவே கிடைக்கிறது. அதன் வேர் இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் உள்ளது. இத்துறையின் அடிப்படை முறைகளில் ஒன்றை 1972இல் அதே கல்லூரியில் ஸ்பால்டிங்குடன் சேர்ந்து வகுத்தவர், புனேயில் பொறியியல் கற்ற சுஹாஸ் பட்டாங்கர் என்பது குறிப்பிடத்தக்கது.

ஆக, கருவி கையில் இருந்தது. கற்றுத்தரத்தான் ஆளில்லை. "மூணு தடவை கணக்குப் பண்ணினேன், மூணு விடை வருது. எது சரின்னு தெரியல. குழுவுல இன்னும் சொல்லல" என்றான். வெளிநாட்டு நிபுணர்கள் மூவருக்கு எழுதியும் பதில் இல்லையாம்.

கடிதத்தை வாங்கிப் படித்தேன். ஒரு பக்கம் புகழுரை. கடைசி வரியில், 'எங்களுக்கு இத்துறையைக் கற்றுத்தர வேண்டும்' என்ற விண்ணப்பம். தோட்டத்துப் பையனுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நினைத்துவிடுவார்களோ என்ற அச்சத்தில், உண்மையான சிக்கலை எழுதாமலே விட்டிருந்தான்.

எனக்குக் காற்றியல் தெரியாது. ஆனால் தெரிந்தவர்களிடம் கேட்டே நாற்பது ஆண்டுகள் பிழைத்தவன் நான். 1989இல் தொடங்கிய கொத்மலைச் சமூக வானொலியைப் பற்றி அவனிடம் சொன்னேன். 1990களின் இறுதியில் யுனெஸ்கோ உதவியுடன் அங்கே இணையம் வந்தது. கிராமத்தவர்கள் கேள்வி அனுப்புவார்கள். அறிவிப்பாளர்கள் இணையத்தில் தேடி, துறை அறிந்தவரை அருகில் வைத்து விளக்குவார்கள். கேட்பதை எவரும் இழிவாகக் கருதியதில்லை.

இருவரும் கடிதத்தைத் திருத்தினோம். புகழுரை போயிற்று. என்ன செய்தான், எத்தனை கட்டங்கள், மூன்று விடைகள் என்னென்ன, எங்கே தடுமாறுகிறான் என்பவை மட்டும் நின்றன. முடிவில் ஒரே கேள்வி.

ஐந்தாம் நாள், ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரிடமிருந்து பதில் வந்தது. கட்டங்களைப் படிப்படியாக நுணுக்கி, விடை மாறாமல் நிற்கும் வரை பார்க்க வேண்டும். அதற்கு முன், 1984இல் அஹமத்தும் சகாக்களும் காற்றுச் சுரங்கத்தில் அளந்த எளிய கார் வடிவத்தைக் கணக்கிட்டு, அளவீட்டோடு ஒப்பிட வேண்டும். கார் தயாரானதும் அதன் உடலில் சிறு கம்பளி நூல்களை ஒட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். தெரிந்த விடையை எட்டாத கணக்கை, தெரியாத விடைக்கு நம்பலாகாது என்றும் எழுதியிருந்தார்.

நூல் விஷயத்தைக் கேட்ட நண்பர் சிரித்தார். "கொழுந்து வாட்டுற இடத்துல நாங்களும் அதுதானே செஞ்சோம்? இலை மேல கைய வச்சாலே காத்து எங்க வரலன்னு தெரிஞ்சிடும்" என்றார். பேரன் நிமிர்ந்து பார்த்தான். தாத்தாவிடம் அவன் இதுபற்றி ஒருநாளும் கேட்டதில்லை.

அன்றிரவே குழுவினருக்கு எழுதினான்: 'நான் அனுப்பிய படங்களை நம்ப வேண்டாம். ஆரம்பத்திலிருந்து செய்கிறேன்.'

வண்ணப் படங்களைவிட அந்த இரண்டு வரிகளே எனக்குப் பிடித்திருந்தன.