பட்டாசுச் சீமையில் ஒரு கால்பந்துக் கோப்பை

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை சாலையில் தெற்கே போனால், காரியாபட்டிப் பக்கம் விருதுநகர் மாவட்டம் வந்துவிடும். சீமைக்கருவேலமும் வெயிலும்தான் கூட வரும். கால்பந்து என்றதும் கேரளத்தையும் கோவாவையும் நினைக்கிறவர்கள் இந்த இடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். ஆனால் இங்கே புல்லூரில் இருக்கும் சேது தொழில்நுட்பக் கல்லூரியோடு உறவுள்ள சேது எஃப்.சி., 2016இல் பிறந்து, 2019 மே 22 அன்று மணிப்பூர் போலீஸை 3-1 என்று வென்று இந்திய மகளிர் லீக் கோப்பையைத் தூக்கியது. அப்படியும் சாத்தூர், சிவகாசி என்று ஊர் ஊராகப் போனால் பொட்டலில் கண்ணில் படுவது கபடியும் கைப்பந்தும் கிரிக்கெட்டும்தான்.

மண்ணையும் வெயிலையும் குறை சொல்வது சுலபம். அது சரியென்றால் பக்கத்துக் கோவில்பட்டியில் ஹாக்கி எப்படி வளர்ந்தது? அதே கரிசல், அதே வெயில், அதே தீப்பெட்டித் தொழில். ஆனால் அங்கே லட்சுமி அம்மாள் நினைவுப் போட்டிக்கு வெளியூர் அணிகள் வந்து, உள்ளூர்க்காரர்கள் கண்முன் ஆடுகின்றன. சிவகாசியின் சிக்கல் வேலையின் அமைப்பில் இருக்கிறது. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். 1911இலேயே மோகன் பகான் கால்பந்துக் கழகம் வெள்ளைக்காரப் பட்டாளத்தைத் தோற்கடித்துக் கேடயம் வென்ற ஊர் அது. தொழில் வந்தது, பந்து வரவில்லை. சென்னையில் ரயில்வேயும் வங்கியும் வேலை கொடுத்து அணி வளர்த்தன. இங்கே பட்டாசு ஆலையில் மருந்து செலுத்தும் அறைக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது. நாலு பக்கமும் வாசல், எண்ணிக்கைக்குத்தான் கூலி. பதினொரு பேர் சேர்ந்து நிற்க அந்த வேலை நாளில் இடமே இல்லை.

சேது எஃப்.சி. மணிப்பூர்க்காரியையும் நேபாளத்துக்காரியையும் கூட்டிவந்து ஜெயித்தது எப்படி எங்கள் கோப்பை ஆகும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கிழக்கு வங்காளத்தும் கேரளத்தும் ஆட்டக்காரர்களை வைத்துத்தான் கல்கத்தாக் கழகங்களும் பெயர் வாங்கின. ஊர்க்காரன் அவற்றைத் தன் அணி என்றதற்குக் காரணம், சனிக்கிழமை சாயங்காலம் போய்ப் பார்க்க முடிந்ததுதான். சேதுவின் இறுதி ஆட்டம் நடந்ததோ லூதியானாவில். பல ஆண்டுகள் மகளிர் லீக்கை ஏதோ ஒரு தூரத்து ஊரில் எல்லா அணிகளையும் குவித்து நடத்தினார்கள். சொந்த ஊர், எதிரணி ஊர் என்ற முறை 2023-24இல்தான் வந்தது. வெற்றி வந்த நேரத்தில் கைதட்ட வேண்டியவர்கள் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தார்கள். கல்லூரி மைதானத்தில் பயிற்சி நடந்தால் மட்டும் போதாது. தீபாவளிக்குப் பிறகு ஆலைகள் ஓய்வெடுக்கும் வாரங்களில் விருதுநகர் மாவட்ட விளையாட்டரங்கில் மாநில அளவிலான பெண்கள் போட்டி ஒன்றை ஆண்டுதோறும் நடத்தலாம். திரி கிள்ளும் பெண்ணின் மகளுக்கு அந்த வாரங்களில் அம்மாவோடு வந்து பார்க்க நேரம் இருக்கும்.