கணக்குப் போட்டவர்

ஒரு கட்டடத்தைப் பார்த்து அசந்துபோனால், "ஆர்க்கிடெக்ட் யார்?" என்று கேட்போம். அது விழாமல் நிற்கக் கணக்குப் போட்ட இன்ஜினியரை யாரும் கேட்பதில்லை. அப்படி ஒருவர் மகேந்திர ராஜ்.

1924-இல் பிறந்தவர். லாகூரில் படித்தவர். பஞ்சாப் பொதுப்பணித் துறையில் வேலை. சண்டிகரில் லெ கார்பூசியே வரைந்த உயர் நீதிமன்றத்துக்கும் தலைமைச் செயலகத்துக்கும் கட்டமைப்பு வேலை செய்தார். பிறகு நியூயார்க்கில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு, 1960 வாக்கில் இந்தியா திரும்பித் தனியாகத் தொழில் தொடங்கினார். தோஷி, சார்லஸ் கொரியா, ராஜ் ரேவால் என்று அந்தக் காலத்துப் பெரிய ஆர்க்கிடெக்டுகள் எல்லாம் அவரைத் தேடி வந்தார்கள். அகமதாபாத் தாகூர் அரங்கத்தின் மடிப்பு மடிப்பான கான்கிரீட் சுவர் தோஷியும் அவரும் சேர்ந்து செய்தது.

எனக்குப் பெரிதாகத் தோன்றுவது டெல்லி பிரகதி மைதானத்தில் இருந்த 'ஹால் ஆஃப் நேஷன்ஸ்'. 1972-இல் ஆசியக் கண்காட்சிக்காகக் கட்டியது. வடிவம் ராஜ் ரேவாலுடையது. நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் 70 மீட்டருக்கு மேல் அகலம். இந்த மாதிரிக் கூண்டை உலகெங்கும் இரும்புக் குழாயில்தான் செய்வார்கள். நம் நாட்டில் அப்போது இரும்புக்குத் தட்டுப்பாடு. ஆள் கூலி குறைவு. ஆகவே கான்கிரீட்டிலேயே, அந்த இடத்திலேயே வார்த்தார்கள்.

சைட்டில் நின்றவர்களுக்கு இதன் கஷ்டம் புரியும். தூணும் பீமும் சேரும் இடத்திலேயே கம்பி நெருக்கத்தில் கலவை இறங்காமல் தவிப்போம். இங்கே ஒவ்வொரு முடிச்சிலும் பல திசைகளிலிருந்து சாய்வாக வந்து சேரும் கம்பிகள்! சென்ட்ரிங் அடித்தவர்களும் கம்பி கட்டியவர்களும் சாதாரணக் கூலியாட்கள். கணக்கு சரியாக இருந்தால் மட்டும் போதாது. அவர்கள் கைக்கு எட்டுவதாகவும் இருக்க வேண்டும். அதுதான் அவருடைய திறமை.

சண்டிகர் உயர் நீதிமன்றமும் செயலகமும் உள்ள வளாகம் 2016-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அடுத்த ஆண்டு ஏப்ரலில், ஒரே இரவில், டெல்லி அரங்கத்தை இடித்துவிட்டார்கள். அறுபது வயது ஆகாத கட்டடம் பாரம்பரியச் சின்னம் ஆகாதாம். இதற்கு 45 வயதுதான். மகேந்திர ராஜுக்கு அப்போது தொண்ணூறு தாண்டியிருந்தது. 2022-இல் அவரும் காலமானார்.

ஆர்க்கிடெக்டின் கற்பனை படத்திலும் போட்டோவிலும் மிஞ்சும். இன்ஜினியரின் வேலை கான்கிரீட்டுக்கு உள்ளே இருப்பது. கட்டடம் போனால் அதுவும் போய்விடும். நிற்கும்போதே அந்தப் பெயரையும் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.